பூட்டுக்காரன் போன பிறகு

ஜூன் 4

விதி விளக்கப் பிரிவு,
எழுகோட்டை அட்டை விளையாட்டு நிறுவனம்.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையாருக்கு,

உங்கள் அட்டைப் பெட்டியின் பின்பக்கத்தில், ஆட்டத்தில் தகராறு வந்தால் எங்களுக்கு எழுதுங்கள் என்று முகவரி அச்சிட்டிருக்கிறீர்கள். தகராறு வந்திருக்கிறது. எழுதுகிறேன்.

அந்த ஆட்டத்தை ஆடி முடித்து எட்டு வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் எந்த அட்டை எங்கே கிடந்தது என்பது எனக்கு இன்றும் அப்படியே நினைவிருக்கிறது. எதிராளியின் கோட்டையில் ஏழு கல்தான் மிச்சம். என் பக்கத்தில் மலையரக்கி நின்றிருந்தாள். அவள் ஒரு அடி அடித்தால் ஒன்பது கல் விழும். அடுத்த சுற்று எனக்கு வந்தால் எனக்கு வெற்றி. எதிராளியின் கையில் இரண்டே அட்டை.

அவர் முதலில் பூட்டுக்காரனை இறக்கினார். பூட்டுக்காரன் மேசைக்கு வரும்போது எதிர்ப்பக்கத்து ஆள் ஒருவரைச் சிறையில் போடுவான். பூட்டுக்காரன் மேசையை விட்டுப் போனால் சிறை திறந்து அந்த ஆள் வெளியே வந்துவிடுவார். எதிராளி என் மலையரக்கியைச் சுட்டிக்காட்டினார். அது நடப்பதற்குள்ளேயே, தன் பூட்டுக்காரன் மேல் தானே புகைக்குண்டையும் போட்டார். புகைக்குண்டு பட்ட ஆள் மேசையிலிருந்து கைக்குத் திரும்பிவிடுவான்.

கடைசியாகப் போட்ட அட்டைதான் முதலில் நடக்கும் என்பது உங்கள் விதி. ஆகவே எதிராளி தந்த விளக்கம் இது: முதலில் புகைக்குண்டு நடக்கும். பூட்டுக்காரன் போவான். அவன் போவதால் சிறை திறக்கும், ஆனால் உள்ளே இன்னும் யாரும் இல்லை. வெறும் சிறை திறந்து மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் அவன் போட்டுவிட்டுப் போன பூட்டு நடக்கும். மலையரக்கி உள்ளே போவாள். திறக்க வேண்டியவன் முன்பே போய்விட்டதால், அவளுக்கு இனி வெளியே வர வழியே கிடையாது.

மலையரக்கி உள்ளே போனாள். நான்கு சுற்றில் நான் தோற்றேன். அவள் உள்ளே போனது சரிதானா என்பது என் கேள்வி. இந்த ஆட்டத்தில் பந்தயம் இருந்தது. பணம் இல்லை.

இப்படிக்கு,
பழைய ஆட்டக்காரி ஒருத்தி

---

ஜூன் 13

கடித எண்: வி.வி. 2217

அன்புள்ள ஆட்டக்காரருக்கு,

எழுகோட்டையின் மேல் நீங்கள் வைத்திருக்கும் ஆர்வத்துக்கு நன்றி.

பூட்டுக்காரன் அட்டை இரண்டு பதிப்புகளில் வெளிவந்துள்ளது. மஞ்சள் முதுகுள்ள முதல் பதிப்பின்படி, நீங்கள் விவரித்த நிகழ்வில் மலையரக்கி நிரந்தரமாகச் சிறைப்படுவாள். இது நியாயமற்றது என்று பலரும் எழுதியதால், நீல முதுகுள்ள இரண்டாம் பதிப்பில் அட்டை திருத்தப்பட்டது. அதன்படி, பூட்டுக்காரன் மேசையில் இருக்கும்வரை மட்டுமே பூட்டு செல்லும். பூட்டு நடக்கும் நேரத்தில் அவன் மேசையில் இல்லையென்றால் யாரும் சிறைப்பட மாட்டார்கள். அந்தந்த அட்டையில் அச்சாகியிருப்பதே சட்டம். ஆகவே ஆடப்பட்ட அட்டை எந்தப் பதிப்பு என்று தெரியாமல் தீர்ப்புக் கூற இயலவில்லை.

தங்கள் ஆட்டம் இனிதே தொடரட்டும்.

விதி விளக்க உதவியாளர்

(இதன் கீழே கையால் எழுதியது.)

அக்கா, உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? இந்த அறைக்கு வரும் கடிதங்களை நான்தான் பிரிக்கிறேன் என்று உனக்கு அம்மா சொல்லியிருப்பாள். எதற்கு இந்த நாடகம்? அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

---

ஜூன் 19

வக்கீல் ஐயாவுக்கு,

நான்கு வருஷத்துக்கு முன்னால் இங்கே வந்து இரண்டு நாள் தங்கி, மூன்றாம் நாள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாய். அதன் பிறகு எனக்கு ஒரு வரி கிடையாது. ஊர் பேர் தெரியாத ஆட்டக்காரி எழுதினால் மட்டும் ஒன்பதே நாளில், எண் போட்டு, நன்றி சொல்லி, பதில் வருகிறது. அதனால்தான் இந்த நாடகம். அம்மாவின் முழங்காலை அம்மாவிடம் கேள், ஞாயிறுதோறும் பேசுகிறாய் அல்லவா. அந்த போனில் நான் இதைக் கேட்க முடியாது. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து இரண்டு பக்கப் பேச்சையும் கேட்பாள். அவளுக்கு அந்த ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

எனக்கு இது எப்படித் தெரியவந்தது என்று சொல்கிறேன். எனக்கு அடுத்த ஷிப்டுக்கு வருகிறவரை நாங்கள் மீசை என்போம். ஐம்பது வயது. அவருக்குத் திடீரென்று எழுகோட்டைப் பித்துப் பிடித்திருக்கிறது. ஷிப்ட் மாறும்போது அரை மணி நேரம் முன்னதாகவே வந்து என்னோடு ஒரு கை போடுவார். போன மாதம் என் கைக்குப் பூட்டுக்காரனும் புகைக்குண்டும் சேர்ந்தே வந்தன. எட்டு வருஷமாக நான் பட்ட அடியை இன்னொருவருக்குக் கொடுக்கப் போகிறேன் என்று எனக்கு ஒரே குஷி. நீ செய்த மாதிரியே செய்தேன். நீ விளக்கிய மாதிரியே விளக்கினேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, "அட்டையைக் கொஞ்சம் படிம்மா" என்றார்.

படித்தேன். அவ்வளவுதான். பூட்டுக்காரன் மேசையில் இருக்கும்வரை மட்டுமே என்று அதில் அச்சாகியிருந்தது.

நம் வீட்டு வழக்கம் உனக்கு மறந்திருக்காது. அட்டையைப் போடுகிறவர் படிப்பார், எதிரே இருப்பவர் கேட்டுக்கொள்வார். அடுத்தவர் அட்டையைத் தொடவே கூடாது. உன் எச்சில் கை பட்டு அட்டை வீணாகிறது என்று நான்தான் அந்தச் சட்டத்தைப் போட்டேன். என் சட்டத்தில் நானே மாட்டிக்கொண்டேன். அன்று நீ படித்தாய், நான் கேட்டேன். நம் இருவருக்கும் தனித்தனிக் கட்டு, பூட்டுக்காரன் உன்னிடம் மட்டும்தான், உன் அட்டைகளுக்கு நீ நாட்காட்டித் தாளில் உறை போட்டிருந்ததால் முதுகின் நிறம்கூட எனக்குத் தெரியாது.

எதற்காக ஆடினோம் என்பதையாவது எழுதி வைக்கிறேன், உன் கடித எண்ணுக்குக் கீழே அதுவும் இருக்கட்டும். அப்பா இந்த நீரேற்று நிலையத்து வேலையிலிருந்து ஓய்வு பெறும் முன்பே செத்தார். மூன்று மாதத்துக்குள் பிள்ளைகளில் ஒருவர் அந்த வாரிசு வேலையை எடுத்துக்கொண்டால் நிலையம் தந்த வீடு நமக்கு. இல்லையென்றால் காலி செய்ய வேண்டும். அம்மாவுக்கு வேறு போக்கிடம் கிடையாது. எனக்கு இருபத்துமூன்று, நில அளவைப் பயிற்சிக்குச் சேரச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. உனக்குப் பத்தொன்பது, கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. ஜன்னல் ஓரப் படுக்கை யாருக்கு, பாத்திரம் யார் கழுவுவது, எல்லாவற்றையும் நாம் எழுகோட்டை ஆடித்தான் முடிவு செய்வோம். தோற்றவர் வேலைக்குப் போவது என்று இதையும் அப்படியே செய்தோம். உட்கார்ந்து பேசியிருக்கலாம். நமக்குப் பேசித் தீர்க்கும் பழக்கமே இல்லை.

நான் வேலை பார்க்கும் அறையை நீ பார்த்ததில்லை. எட்டு வருஷத்தில் ஒருமுறைகூட உள்ளே வரவில்லை. பத்தடிக்கு எட்டடி. ஒரு மேசை, ஒரு நாற்காலி, சுவரில் நீர்மட்டம் காட்டும் நான்கு கேஜ், ஒரு சிவப்பு போன். ஜன்னல் உண்டு. அதைத் திறந்தால் தண்ணீர்த் தொட்டியின் சுவர் கையெட்டும் தூரத்தில். கதவை உள்ளே தாழிட்டே வைக்க வேண்டும், கைபேசியை வெளியே பெட்டியில் வைத்துவிட வேண்டும், மணிக்கு ஒரு தடவை நீர்மட்டம் எழுத வேண்டும். மாற்று ஆள் வந்து கையெழுத்துப் போடாமல் வாசற்படி தாண்ட முடியாது. மார்ச்சில் பாலம் உடைந்து மீசையால் வர முடியவில்லை. இருபத்தாறு மணி நேரம் அந்த நாற்காலியில் இருந்தேன். மோட்டார் சத்தம் நின்றால்தான் எனக்கு இப்போது காது வலிக்கிறது.

அன்று உன் கையில் இருந்தது மஞ்சளா, நீலமா? அதை மட்டும் எழுது.

அக்கா

---

ஜூன் 28

அக்கா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

நீ நினைக்கிற மாதிரி நான் இங்கே கொட்டம் அடித்துக்கொண்டு இருக்கவில்லை. நீ ஜன்னலைத் திறந்தால் சுவராவது தெரிகிறது. இந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. ஒரு நாளைக்கு அறுபது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஏற்கனவே எழுதி வைத்த பதில்களில் ஒன்றை எடுத்துப் பொருத்த வேண்டும். சொந்தமாக ஒரு வரி சேர்த்தால் மேற்பார்வையாளர் சிவப்பு மையில் அடிப்பார். "தங்கள் ஆட்டம் இனிதே தொடரட்டும்" என்பது நான் எழுதியதில்லை. படித்த படிப்புக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மூன்றாம் மாடியில் மூன்று பேர் சேர்ந்து இருக்கும் அறையில் எனக்குக் கட்டில் அளவு இடம். வேறு வேலைக்குப் போகலாம் என்றால் கையெழுத்துப் போட்டுக்கொடுத்த ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. ஆகவே அடைபட்டுக் கிடப்பது நீ ஒருத்தி மட்டும் இல்லை.

உன் கேள்விக்கு வருகிறேன். எனக்கு நினைவு தெரிந்தவரை என்னிடம் இருந்தது மஞ்சள் முதுகுள்ள பெட்டிதான். அந்த அட்டைகள் இப்போது என்னிடம் இல்லை, அறை மாறும்போது எங்கேயோ போய்விட்டன. இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் விதிப் புத்தகத்தில், முடிந்து போய் இருவரும் ஒப்புக்கொண்ட ஆட்டத்தைப் பிறகு திறக்கக் கூடாது என்று இருக்கிறது. நடுவர் தவறே செய்திருந்தாலும் முடிவு முடிவுதான். அப்படி ஒரு விதி இல்லையென்றால் உலகத்தில் எந்த ஆட்டமும் முடியாது.

மேலும் அக்கா, அன்று நான் உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அட்டையைக் காட்டு என்று நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

தம்பி

---

ஜூலை 3

தம்பி,

நினைவு தெரிந்தவரையாம். பாத்திரம் கழுவும் முறை யாருடையது என்று மூன்று மாதத்துக்கு முன்னால் ஆடிய ஆட்டத்தைக்கூட அட்டை அட்டையாக ஒப்பித்தவன் நீ. அதற்காகத்தான் உனக்கு வக்கீல் என்று பெயர் வந்தது. உனக்கு நினைவில்லை என்று இன்னொரு தடவை எழுதாதே, எனக்குச் சிரிப்பு வருகிறது, அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்பு இல்லை.

உன் பெட்டியை அப்பா வாங்கிக்கொடுத்தது நீ கை ஒடிந்து கிடந்த வருஷம். மீசையிடம் விசாரித்தேன். மஞ்சள் பதிப்பு கடைகளில் நின்று போனது அதற்கு இரண்டு வருஷம் முன்னால். உன் ஆபீசிலேயே அந்தத் தேதி இருக்குமே, பார்த்துக்கொள். அட்டையைக் காட்டு என்று நான் கேட்டிருக்க வேண்டும் என்கிறாய். சரி. என் தம்பி படிப்பதை நான் சரிபார்க்க வேண்டும் என்று எனக்கு அன்று தோன்றவில்லை. அது என் தப்பு என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

முடிந்த ஆட்டத்தைத் திறக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. உன் நிறுவனத்தின் தீர்ப்பும் எனக்கு வேண்டாம். நீ படிக்கும்போது உன் கண் அட்டையின் மேல் இருந்ததா, இல்லையா? இதற்கு நீ பொருத்தி அனுப்ப எந்தப் பதிலும் தயாராக இருக்காது. நீயேதான் எழுத வேண்டும்.

ஒவ்வொரு வருஷமும் நில அளவைக்காரர்கள் தொட்டியை அளக்க வருவார்கள். சிவப்பும் வெள்ளையுமாகக் கோல் நட்டு, வெயிலில் கத்திக்கொண்டு, நடந்துகொண்டே இருப்பார்கள். நான் உள்ளே இருந்து கதவுச் சந்து வழியாகப் பார்ப்பேன். அவர்கள் மேல் எனக்குப் பொறாமை வரும், பிறகு உன் மேல் கோபம் வரும், பிறகு நியாயமாகத் தோற்றுவிட்டுக் கோபப்படுகிறோமே என்று என் மேலேயே வெட்கம் வரும். எட்டு வருஷமாக இந்த வரிசை மாறவே இல்லை. அந்த வெட்கமாவது எனக்குத் தேவைதானா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

அக்கா

---

ஜூலை 17

அக்கா,

இந்தக் கடிதத்தோடு அட்டையை வைத்திருக்கிறேன். நீல முதுகு. அறை மாறும்போது தொலைந்தது என்று எழுதியது பொய். எட்டு வருஷமாக என் சட்டைப் பெட்டியின் அடியில்தான் இருந்தது.

கண் அட்டையின் மேல்தான் இருந்தது.

முதல் பாதியை அச்சிட்டபடியே படித்தேன். எதிர்ப்பக்கத்து ஆள் ஒருவரைச் சிறையில் போடுவான் என்பது வரை. அடுத்த வரியில் "பூட்டுக்காரன் மேசையில் இருக்கும்வரை" என்று இருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே, பள்ளியில் ஒருவனிடம் இருந்த பழைய அட்டையில் எப்படி இருக்குமோ அதைச் சொன்னேன். குரல் மாறவே இல்லை. நீ தலையாட்டினாய். மலையரக்கியை நீயே எடுத்து ஓரமாகக் கவிழ்த்து வைத்தாய். உன் முகத்தில் ஒரு சந்தேகம் வந்திருந்தால்கூட நான் சொல்லியிருப்பேன் என்று எனக்கு நானே பல வருஷம் சொல்லிக்கொண்டேன். அதுவும் உண்மையில்லை. சொல்லியிருக்க மாட்டேன்.

கல்லூரிக்காகச் செய்தேன் என்று நீ நினைக்கலாம். கல்லூரி எனக்கு அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. அந்த அறைதான் காரணம். அப்பா இறந்த அன்று கதவு உள்ளே தாழிட்டிருந்தது. மீசைக்கு முன்னால் இருந்தவர் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, ஓடிவந்து என்னைக் கூப்பிட்டார். கடப்பாரையால் கதவை நெம்பியது நான். அப்பா நாற்காலியில் உட்கார்ந்த மாதிரியே இருந்தார். கேஜ் முள் அசைந்துகொண்டிருந்தது, மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, மூன்று மணி நீர்மட்டம் எழுதியிருந்தது, நான்கு மணிக்கு எழுதவில்லை. உன்னிடமும் அம்மாவிடமும், மருத்துவமனைக்குப் போகும் வழியில் போனார் என்று சொல்லிவிட்டோம். அந்த நாற்காலியில் போய் உட்கார வேண்டும் என்று நினைத்தாலே எனக்கு மூச்சு அடைத்தது. அதனால் உன்னை உட்கார வைத்தேன். இதற்கு மேல் இதை நல்லபடியாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நான்கு வருஷம் முன்னால் சாப்பாட்டில் எழுந்து போனதற்கும் அதுதான் காரணம். நியாயமாகத் தோற்றதால்தான் பொறுத்துக்கொண்டிருக்கிறேன் என்று நீ சாதாரணமாகச் சொன்னாய்.  எழுந்து போக ஒரு சாக்கு வேண்டும் என்று அந்தச் சண்டையை நான்தான் கிளப்பினேன்.

மேற்பார்வையாளரிடம் பேசிவிட்டேன். ஒப்பந்தம் எப்படியாவது போகட்டும். நான் வந்து அந்த வேலையை எடுத்துக்கொள்கிறேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார அனுமதிப்பார்களா என்று மட்டும் கேட்டுச் சொல்.

தம்பி

---

ஜூலை 25

தம்பி,

அட்டை வந்து சேர்ந்தது. கடிதத்தை ஷிப்டில் இருக்கும்போது பிரித்தேன். பிரித்திருக்கக் கூடாது. அந்த நாற்காலியிலிருந்து எழுந்து, மீசை வரும் வரை ஐந்து மணி நேரம் நின்றுகொண்டே இருந்தேன். மீசையிடம் கேட்டேன், நாற்காலியை மாற்றவில்லையாம், அதே நாற்காலிதானாம். நீ மட்டும் தனியாகப் பார்த்தாயே என்று உனக்காக அழுகை வந்தது. என்னை அதில் உட்கார வைத்தாயே என்று அப்புறம் பல்லைக் கடித்தேன். இரண்டும் மாறி மாறி வந்தன, இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. எது ஜெயிக்கும் என்று எனக்கே தெரியவில்லை.

நீ வந்து வேலையை எடுத்துக்கொள்ள முடியாது. வாரிசு வேலை ஒரு குடும்பத்துக்கு ஒரு தடவைதான். எடுத்தவர் விட்டால் அது போய்விடும், முப்பது நாளில் வீடும் போய்விடும். இதை நான் ஆபீசில் எட்டு வருஷமாக எட்டுத் தடவை கேட்டிருக்கிறேன், எனக்கு மனப்பாடம். ஆகவே நீ மேற்பார்வையாளரிடம் போய், பேசியதை வாபஸ் வாங்கிக்கொள். உனக்கு அந்தச் சம்பளம் தேவைப்படும். ஏன் என்று சொல்கிறேன்.

நேற்று ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆகஸ்ட் முப்பத்தொன்று எனக்குக் கடைசி நாள்.

நீ என்ன பதில் எழுதியிருந்தாலும் போயிருப்பேன் என்று வீறாப்பாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் போயிருக்க மாட்டேன். அட்டை மஞ்சள் என்று நீ நிரூபித்திருந்தால், சரி, தோற்றோம் என்று சாகும்வரை நீர்மட்டம் எழுதிக்கொண்டு இருந்திருப்பேன். என் புத்தி அப்படிப்பட்டது. தோற்றால் கட்டுப்பட வேண்டும். நான் தோற்கவில்லை. அதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த வாசலில் எனக்கு ஒரு தடையும் இல்லை.

வருஷா வருஷம் வரும் நில அளவைக்காரர்களிடம் கேட்டேன். பயிற்சிக்கு என் வயது கடந்துவிட்டது. ஆனால் கோல் பிடிக்க ஆள் வேண்டுமாம். நாளெல்லாம் நடக்க வேண்டும், ஊர் ஊராகப் போக வேண்டும், கூடாரத்தில் தங்க வேண்டும். முப்பத்தொரு வயதில் கோல் பிடிக்கும் வேலையா என்று அவர்களுக்கே சங்கடம். எனக்கு ஒரு சங்கடமும் இல்லை.

அம்மா உன்னிடம் வருகிறாள். செப்டம்பர் இரண்டாம் தேதி காலை ஏழு மணி பஸ். மூன்றாம் மாடி அவளுக்கு ஆகாது. தரைத்தளத்தில் ஒரு வீடு பார், சிறியதானாலும் பரவாயில்லை. காலையில் இரண்டு மாத்திரை, ராத்திரி ஒன்று. முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட வேண்டும், வேண்டாம் என்பாள், விடாதே. தையல் மெஷினையும் கொண்டுவருவேன் என்கிறாள். வேலையை விட்டுவிட்டேன், வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று பயந்து பயந்து சொன்னேன். அவள் மெஷினைக் கட்டக் கயிறு இருக்கிறதா என்று கேட்டாள். அவளுக்குள் என்ன ஓடுகிறது என்று எனக்கு என்றைக்கும் புரிந்ததில்லை.

எட்டு வருஷம் அவளை நான் பார்த்துக்கொண்டேன். அந்த வீட்டை அவளுக்காகக் காப்பாற்றினேன் என்பது ஒன்றுதான் என் வாழ்க்கையில் நான் காட்டிக்கொள்ள இருக்கிறது. அதையும் நான்தான் இப்போது இழக்க வைக்கிறேன். அவள் அங்கே வந்து அந்த வீட்டை நினைத்து அழுதால் என்னிடம் சொல்லாதே. மற்ற எதுவானாலும் மறைக்காமல் எழுது. இனி நீ என்னிடம் எதையும் பாதி மட்டும் படித்துக் காட்டக் கூடாது.

என் முகவரி நிலைப்பட்டதும் தெரிவிக்கிறேன்.

அக்கா

---

செப்டம்பர் 9

அக்கா,

உன் முகவரி நேற்றுத்தான் கிடைத்தது. இதை உட்கார்ந்து படி.

அம்மா நலமாக வந்து சேர்ந்தாள். தரைத்தளத்தில் ஒன்றரை அறை கிடைத்தது. பின்பக்கத்தில் துணி காயப்போட இடம் இருக்கிறது. பஸ்ஸிலிருந்து அம்மா இறங்குவதற்கு முன்னால் தையல் மெஷின்தான் இறங்கியது. கண்டக்டரோடு அதற்கு ஒரு சண்டை, அம்மா ஜெயித்தாள். மாத்திரை நேரத்துக்குப் போகிறது. எண்ணெய் தேய்க்க விடுகிறாள்.

மூன்றாம் நாள் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீ சொல்ல வேண்டாம் என்றுதான் எழுதியிருந்தாய். ஆனால் நீ ஏன் திடீரென்று வேலையை விட்டாய் என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், வரவில்லை. பூட்டுக்காரன், புகைக்குண்டு எல்லாம் விளக்க முடியுமா? நாங்கள் சீட்டாடினோம், யார் தோற்கிறாரோ அவர் அப்பாவின் வேலைக்குப் போக வேண்டும், நான் ஏமாற்றினேன் என்றேன். அம்மா என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கையிலிருந்த துணியை மடித்து வைத்துவிட்டு, எதற்காக யாராவது ஒருவர் அந்த வேலைக்குப் போக வேண்டியிருந்தது என்று கேட்டாள். உனக்காகத்தான், வீடு போய்விடக் கூடாது என்றுதான் என்றேன்.

 அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அழுதால் சொல்லாதே என்றாய். அவள் அழவில்லை.

அப்பா போன இரண்டாம் மாதமே, கல்யாணத்துக்கு முன் அவளோடு ஒரே தையற்கூடத்தில் வேலை பார்த்த சிநேகிதி ஆள் அனுப்பியிருக்கிறாள். கூடத்துக்குப் பின்னால் இரண்டு அறை காலியாக இருக்கிறது, வந்துவிடு, பிள்ளைகள் படித்து முடிக்கும் வரை வேலையும் இருக்கிறது என்று. அம்மா வருகிறேன் என்று சொல்லியும் அனுப்பிவிட்டாளாம். பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வைத்திருந்தாளாம். ஞாயிற்றுக்கிழமை நம் இருவரையும் உட்கார வைத்துச் சொல்லலாம் என்று இருந்தாளாம். சனிக்கிழமை நீ அவளிடம் போய், அப்பா வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறாய். பெண் ஆசைப்பட்டுக் கேட்கிறாள், நடுவில் நாம் குறுக்கே நிற்கக் கூடாது என்று மறுநாள் சாக்கை அவிழ்த்து, பாத்திரங்களைத் திரும்ப அடுக்கிவிட்டாளாம்.

"அந்த வீடு எனக்கு வேணுமான்னு யாராவது என்னைக் கேட்டீங்களா? படுத்தா எழுந்தா அந்த மோட்டார் சத்தம். ஒவ்வொரு தடவை அது நிக்கும்போதும் உங்க அப்பா போன மாதிரியே இருக்கும். எட்டு வருஷமும் அவளுக்காகத்தான் அங்க இருந்தேன்."

இதைச் சொல்லிவிட்டு மெஷினுக்கு நூல் கோத்துத் தரச் சொன்னாள், அவளுக்கு இப்போது ஊசிக் காது தெரிவதில்லை.  நான்காவது தடவைதான் நூல் நுழைந்தது.

தம்பி